கத்தரிக்காய் மேல் போட்ட பழி

அன்புள்ள கோமு,

நீ அனுப்பின புற்றுமண் பொட்டலம் வந்து சேர்ந்தது. பிரிச்சதுமே சங்கரன்கோவில் வாசம்! ஆடித்தபசுக் கூட்டத்துல நாம ரெண்டு பேரும் செருப்பைத் தொலைச்சுட்டு முழிச்சது ஞாபகம் வந்து தனியா உட்கார்ந்து சிரிச்சேன். நெத்தியில இட்டுக்கிட்டு மிச்சத்தை சாமி அலமாரியில வச்சிருக்கேன். இடுப்புல ஏன் பூசலைன்னு கோபப்படாதே, அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி.

பாவாடை நாடா கட்டுற இடத்துல முதல்ல ஒரு ரூபாய்க் காசு அளவுதான் இருந்தது, ஓரம் சிவந்து தடிச்சு, நடுவுல மட்டும் தெளிஞ்சு. படர்தாமரைன்னு பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. இந்தச் சென்னை வேக்காட்டுல அடுப்படியில அரைமணி நின்னாலே நாடா ஊறிப்போகுதே, வராம என்ன செய்யும்? வெட்கப்பட்டுக்கிட்டு யாருக்கும் காட்டாம தெருமுனை மருந்துக்கடையில ஒரு டியூப் வாங்கிப் பூசினேன். ரெண்டே நாள்ல அரிப்பு அடங்கிருச்சு. நிறுத்தினேனோ இல்லையோ, முதுகு வரைக்கும் பட்டா போட்டுருச்சு. அந்த டியூப்ல ஸ்டீராய்டு கலந்திருந்ததாம்; அரிப்பை அமுக்கிட்டு, பூஞ்சையைப் பரவ விட்டுருமாம்.

இதுக்குள்ள என் மாமியார் சமையலறையில 144 போட்டுட்டாங்க. கத்தரிக்காய், கருவாடு, நண்டு எல்லாம் கரப்பான் பண்டமாம். வாரத்துல மூணு நாள் எண்ணெய்க் கத்தரிக்காய் தின்னவ ஏட்டி நான், ரெண்டு மாசம் புடலங்காயைப் பார்த்துக் கண்ணீர் விட்டேன். எதிர்வீட்டு அக்கா பேச்சைக் கேட்டு பூண்டை அரைச்சு வேற பூசித் தொலைச்சேன், தோல் வெந்து கொப்புளம் போட்டதுதான் மிச்சம்.

கடைசியில தோல் டாக்டரம்மாகிட்ட போனேன். விரதத்தைச் சொன்னதும் சிரிச்சுட்டாங்க. அந்தப் பூஞ்சை தின்னுறது தோல்ல இருக்கிற கெரட்டினையாம். நான் கத்தரிக்காய்க் குழம்பு வச்சேனா கீரை கடைஞ்சேனான்னு அதுக்கு என்ன தெரியும்? ஆனா சாப்பாட்டை அப்படியே விட்டுடலை. இப்படித் திரும்பத் திரும்ப வந்தா சர்க்கரையைப் பார்த்துடணும்னாங்க. மூணு மாசச் சராசரி 7.4! 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை வியாதிக் கணக்காம். சர்க்கரை ஏறினா உடம்போட எதிர்ப்பு தளர்ந்து, போன பூஞ்சை உறவுக்காரி மாதிரி திரும்பத் திரும்ப வந்து நிக்குமாம். மாமியார் கத்தரிக்காயை ஒளிச்சு வச்சாங்களே தவிர, நாலு மணிக் காப்பிக்குப் போட்ட மூணு ஸ்பூன் சீனியை ஒரு நாளும் தடுக்கலை.

அடுத்த கூத்தைக் கேளு. இட்ராகோனசோல்னு ஒரு கேப்சூல் கொடுத்தாங்க. நான் புத்திசாலியாட்டம் வெறும் வயித்துல, அதுவும் கேஸ் மாத்திரையோட சேர்த்து, மூணு வாரம் முழுங்கியிருக்கேன். டாக்டரம்மா தலையில கையை வச்சுட்டாங்க. வயித்துல புளிப்பு இருந்தாத்தான் அந்தக் கேப்சூல் கரையுமாம், வயிறு நிறையச் சாப்பிட்ட கையோட போடணுமாம். நானோ இருந்த புளிப்பையும் அணைச்சுட்டு மருந்தை வீணாக்கியிருக்கேன்.

உங்க பாலுவுக்கு அஞ்சாம் வகுப்புல தலையில இதே படர்தாமரை வந்தப்ப, மாத்திரையை நெய்ச்சோத்தோட கொடுக்கச் சொன்னாங்களே, ஞாபகம் இருக்கா? அது கிரிசியோஃபல்வினா இருக்கும்னாங்க. கொழுப்பு இருந்தா அது ரத்தத்துல நல்லா ஏறுமாம். சீக்காளிக்கு நெய்ச்சோறு, நமக்கு ரசமான்னு நாம பொருமினோமே!

இப்போ கேஸ் மாத்திரையை டாக்டரம்மாவே நிறுத்திட்டாங்க. காப்பியில சீனி இல்லை, அது காப்பியே இல்லை. துண்டு தனி, உள்பாவாடையை வெந்நீர்ல அலசி வெயில்ல காயப்போடுறேன். முதுகுல இருந்தது வாடி, ஓரம் மட்டும் மங்கலா தெரியுது.

நேத்து மாமியார் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து கால் கிலோ பிஞ்சுக் கத்தரிக்காய் வாங்கி, நாலாக் கீறி, மசாலா அடைச்சு வதக்கினேன். மாத்திரைக்கு முன்னாடி நிறையச் சாப்பிடணும்ல! அவங்க வந்து மூக்கை உறிஞ்சிக்கிட்டே என்ன வாசம்னு கேட்டாங்க, பக்கத்து வீட்டுலன்னு சொல்லிட்டேன். போன்ல பேசும்போது இதை உளறிடாதே, நான் ஸ்பீக்கர்லதான் போட்டிருப்பேன்.

உன் பிரியமுள்ள,
செல்வி