கல்யாணப் பட்டு

அன்புள்ள தம்பி செல்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. காயில் சுற்றும் மெஷின் வாங்க மீனாவின் வளையலை அடகு வைத்ததை மட்டும் கடைசி வரியில் நுழைத்திருக்கிறாய். படித்ததும் தாமஸ் டேவன்போர்ட் நினைவுக்கு வந்தார். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து பிராண்டன் ஊர்க் கொல்லர். மின்சார மோட்டாருக்கு அந்த நாட்டில் முதல் காப்புரிமை வாங்கியவர்.

1833இல் பட்டறைக்கு இரும்பு வாங்கப் போன மனிதர், தாதுவைப் பிரிப்பதற்கென்று வைத்திருந்த மின்காந்தம் ஒன்றைப் பார்த்து மயங்கிப்போனார். சகோதரரின் சரக்கை விற்று, குதிரையையும் மட்டமானதாக மாற்றி, அந்தக் காந்தத்தோடு வீடு திரும்பினார். இரும்பு வரவில்லை. பாவம் அந்தச் சகோதரர்!

வீட்டில் காந்தத்தின் கம்பியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். மனைவி எமிலி பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டே வந்தாள். எரிந்துபோன மோட்டாரைப் பிரிக்கும்போது நீ சுற்றை எண்ணி நோட்டில் எழுதுவாயே, அதே வேலைதான். புதிதாகச் சுற்ற உனக்கு எனாமல் கம்பி, பேப்பர், வார்னிஷ் எல்லாம் இருக்கின்றன. அவர்களிடம் இருந்தது வெறுங்கம்பி. எமிலி தன் கல்யாணப் பட்டு உடையை கம்பியில் சுற்ற நாடா நாடாவாகக் கிழித்துக் கொடுத்தாள் என்று சொல்வார்கள். இதைத் தியாகம் என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். குறிப்பெடுத்தவளுக்குக் கம்பியும் கம்பியும் தொட்டால் என்ன ஆகும் என்று தெரியாதா? தெரிந்துதான் கிழித்திருப்பாள்.

1834இல் அவர் செய்த மோட்டாரின் சக்கரம் சுழன்றது. காந்தத்தின் துருவத்தைச் சரியான நொடியில் மாற்றிவிடும் காமுடேட்டர்தான் அதன் சூட்சுமம். காப்புரிமைக்கு அனுப்பிய மாதிரி மோட்டார், 1836 டிசம்பரில் காப்புரிமை அலுவலகம் தீப்பிடித்ததில் போனது. மறுபடி செய்தார். 1837 பிப்ரவரி 25இல் எண் 132 கிடைத்தது. அந்த மோட்டாரைக் கொண்டே அச்சு இயந்திரம் ஓட்டிப் பத்திரிகைகூட நடத்தினார். ஆனால் டைனமோ வராத காலம். பேட்டரியில் கரையும் துத்தநாகத்தின் செலவுக்கு முன்னால் நிலக்கரியும் நீராவியும் மலிவு. யாரும் வாங்கவில்லை. 1851இல், 49 வயது முடிவதற்குள், கையில் காசில்லாமல் இறந்துபோனார்.

காப்புரிமைத் தாளில் எமிலியின் பெயர் கிடையாது.

மெஷின் வாங்கியது தப்பென்று நான் சொல்லவில்லை. வளையலை மீனா கழற்றிக் கொடுத்தாளா, நீ கேட்டு வாங்கினாயா என்பதுதான் உன் கடிதத்தில் இல்லை. அடுத்த கடிதத்தை அவளை எழுதச் சொல்.

அன்புடன்,
அக்கா