மூன்று ஷிப்டுக்கும் ஒரே ஆள்

ஆஸ்பத்திரி வார்டில் எவ்வளவு கெட்டிக்கார நர்ஸாக இருந்தாலும் ஷிப்ட் முடிந்ததும் கேஸ் ஷீட்டை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். களைத்த கை மருந்தை மாற்றிக் கொடுத்துவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அதே நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்ததும் மூன்று ஷிப்டும் ஒரே ஆள் தலையில் விழுகிறது. பெரும்பாலும் அவர் மனைவி, மகள் அல்லது மருமகள்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவில் ஒரு அக்கா, பக்கவாதத்தில் விழுந்த மாமியாரைப் பார்த்துக்கொள்கிறார். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இரவிலும்தான். மூக்குக் குழாயில் கஞ்சி கொடுக்க, திப்பியில்லாமல் வடிகட்டி, தலைமாட்டை உயர்த்தி, சிரிஞ்சில் மெல்ல இறக்கி, பிறகு தண்ணீர் விட்டுக் குழாயை அலச வேண்டும். உடனே படுக்கவைத்தால் கஞ்சி நுரையீரலுக்குள் போய்விடும் அபாயம் உண்டு. அதற்குள் டயப்பர் மாற்றும் நேரம் வந்துவிடும்.

மாமியாரின் மாத்திரை டப்பாவில் காலை, மதியம், இரவு என்று பிரித்து அடுக்கியிருந்தது. "என் பிரஷர் மாத்திரை தீர்ந்து எத்தனை நாளாச்சுன்னே தெரியல" என்றார் அக்கா.

சோர்வு இப்படித்தான் தலைகாட்டும். சொந்த மருந்து நின்றுபோகும். படுத்தால் தூக்கம் வராது. கல்யாணம், கோயில் எல்லாம் விட்டுப்போகும். நோயாளியிடம் சுள்ளென்று விழுந்துவிட்டு, அப்புறம் சமையலறையில் நின்று அழத் தோன்றும். 'இவங்க சீக்கிரம் போயிட்டா தேவல' என்ற நினைப்பும், அதை நினைத்த குற்ற உணர்ச்சியும் சேர்ந்தே வரும். பாசம் குறைந்துவிட்டதென்று இதற்கு அர்த்தமில்லை. ஓய்வில்லாத உடம்பு பேசுகிற பேச்சு அது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் 'பர்ன்அவுட்' எனப்படும் இத்தகைய சோர்வை வேலையிடத்தோடு சேர்த்தே வரையறுத்தது. சம்பளமில்லாமல் வீட்டில் பார்த்துக்கொள்கிறவர் அந்த வரையறைக்குள் வரவில்லை. ஆனால் அவருடைய சுமையை அளக்க 1980-இலேயே ஸ்டீவன் ஸாரிட் குழுவினர் ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்துவிட்டார்கள். இன்று பரவலாகப் பயன்படும் வடிவத்தில் 22 கேள்விகள். உங்களுக்கென்று நேரம் இருக்கிறதா, கோபம் வருகிறதா, உடம்பு கெட்டுவிட்டதா என்று பார்த்துக்கொள்பவரைக் கேட்பவை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் உண்டு. மனம் தாங்காதபோது 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். இவை பெரிய உதவிகள். ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து புரட்டிப் போட இன்னொரு ஜோடிக் கை வேண்டும்.

அதைக் குடும்பம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். டிஸ்சார்ஜுக்கு முன்பே, புரட்டுவதையும் குழாயில் ஊட்டுவதையும் நர்ஸிடம் குறைந்தது இரண்டு பேர் கற்றுக்கொள்ளட்டும். காலண்டரில் ஒவ்வொரு கிழமைக்கு நேராகவும் ஒரு பெயர் எழுதட்டும். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை பணம் அனுப்புவதோடு மருந்து ஆர்டர், டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எல்லாவற்றையும் அங்கிருந்தே கவனிக்கலாம். லீவில் வரும்போது ராத்திரிப் பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம். வசதியுள்ளவர்கள் பார்த்துக்கொள்பவர் ஓய்ந்து விழுவதற்கு முன்பே அட்டெண்டரை வைத்துக்கொள்ள வேண்டும்.

பார்க்க வருகிறவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வேண்டாம். "சனிக்கிழமை மத்தியானம் நான் இருக்கேன், நீங்க போய்ட்டு வாங்கக்கா" என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்குத் தவறாமல் வந்துவிடுங்கள்.