பலகையும் உதையும்

சண்டைப் படம் என்றாலே காத தூரம் ஓடும் சுபாவம் நம்முடையது. ஆனால் வீட்டில் பேத்தி இருக்கும்போது ஓடுவதற்கு இடம் ஏது? சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 1972-ல் புரூஸ் லீ நடித்து வெளிவந்த 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி' என்னும் ஹாங்காங் படத்தை அவளுடன் உட்கார்ந்து பார்க்க நேர்ந்தது.

அதில் ஷாங்காய் நகரத்துப் பூங்கா ஒன்றின் வாசலில் ஒரு பலகை. நாய்களுக்கும் சீனர்களுக்கும் உள்ளே இடமில்லை என்று எழுதியிருக்கிறது. கதாநாயகன் பாய்ந்து ஓர் உதை விடுகிறான். பலகை சுக்கு நூறாகிறது. நம்மையும் அறியாமல் கரகோஷம் செய்துவிட்டோம். இந்தியரை உள்ளே விடாத வெள்ளைக்காரர் கிளப்புகள் இந்தியாவிலேயே இருந்ததை அறிந்தவர்களுக்கு அந்த உதையின் ருசியை விளக்க வேண்டுமா?

லீயின் வாழ்க்கையிலும் அப்படி ஒரு பலகை, எழுத்தில்லாமல், தொங்கிக்கொண்டுதான் இருந்தது. 1940-ல் அமெரிக்காவில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் பிறந்தவர் அவர். 1966-ல் தொடங்கிய 'கிரீன் ஹார்னெட்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் சண்டையில் சூரர் அவர்தான். உத்தியோகம் மட்டும் கதாநாயகனுக்குக் காரோட்டுவது! பிறகு 'குங்ஃபூ' என்ற தொடரில், சீன ரத்தம் கலந்த துறவியின் வேஷத்துக்கு அவர் பெயர் யோசிக்கப்பட்டது. 1972-ல் அந்த வேஷத்தில் வந்தவரோ டேவிட் கேரடைன் என்னும் வெள்ளையர். லீ ஹாங்காங்குக்குச் சென்றுதான் கதாநாயகராக முடிந்தது.

இதையெல்லாம் ஆவேசத்துடன் எடுத்துரைத்தோம். பேத்தி நிதானமாகக் கேட்டாள்:

"எல்லாம் சரி, தாத்தா. போன வருஷம் நான் சிலம்பம் கற்றுக்கொள்கிறேன் என்றேனே, நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

பெண் குழந்தைக்குக் கம்பு எதற்கு என்று சொல்லியிருந்தோம். மூக்குக் கண்ணாடியைத் தேடுவதுபோல் எழுந்து போய்விட்டோம்.

அவள் விடவில்லை. மறுநாள் 2000-ஆம் ஆண்டில் வந்த 'கிரவுச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்' படத்தைக் காட்டினாள். அதில் செங் பெய்பெய் என்ற நடிகை வில்லியாக வருகிறார். 1966-லேயே, அதாவது லீ காரோட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே, 'கம் டிரிங்க் வித் மீ' படத்தில் வாளேந்திய கதாநாயகியாக நடித்துப் பெயர் பெற்றவர் அவர். இங்கே அவர் ஏற்ற பாத்திரம், பெண் என்பதால் வித்தை தர மறுத்த குருவைக் கொன்று, சுவடியைத் திருடிக்கொண்டு ஓடியவள். கொலை பாதகமே; சந்தேகமில்லை. ஆனால் கேட்டபோதே கற்றுக் கொடுத்திருந்தால் அவள் ஏன் திருடப் போகிறாள் என்ற கேள்வி அன்றிரவு நம்மைத் தூங்க விடவில்லை.

இப்போது வாரம் இரண்டு நாள் சிலம்ப வாத்தியார் நம் வீட்டுக்கு வருகிறார். பேத்தி கம்பு சுற்றுகிறாள். நாம் சற்று எட்டவே நின்று பார்க்கிறோம். நாம் மாட்டிய பலகையை நாமே கழற்றிவிட்டோம். உதை விழும்வரை காத்திருப்பது இந்த வயதில் உடம்புக்கு நல்லதல்ல அல்லவா?