கரகரப்பு, மழுக்கம், ஓசை

என் தமையனார் எங்கள் பங்கின் பாடகர் குழுவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிதார் மீட்டியவர். 2019ஆம் ஆண்டு அவர் இறைவனில் இளைப்பாறியபோது, அவருடைய மேசை இழுப்பறையில் நான்கு அலுமினியப் பெட்டிகள் இருந்தன. மின்கிதாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே தரையில் வைத்து, காலால் மிதித்து இயக்கும் பெடல்கள் அவை. தந்தியின் ஓசையைச் சில கரகரக்கச் செய்யும். சில எதிரொலிக்கச் செய்யும். நான்கையும் தம் கையாலேயே செய்திருந்தார். ஒன்றின்மீதும் ஓர் எழுத்துக்கூட இல்லை.

"அண்ணா, எது என்னவென்று எழுதி வையுங்களேன்" என்று நான் சொன்னதுண்டு. "எனக்குத்தான் தெரியுமேடா" என்பார்.

அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்காகக் குழுவின் இளைஞன் ஒருவன் அப்பெட்டிகளைக் கேட்டு வந்தான். இயக்கிக் காட்டும் ஆவலில், வீட்டிலிருந்த ஓர் அடாப்டரை எடுத்துச் செருகினேன். 9 வோல்ட்தான், அளவில் பிழையில்லை. ஆனால் கிதார் பெடல்களில் பெரும்பாலானவற்றுக்குச் செருகியின் நடுமுனை எதிர்மின்னாக இருத்தல் வேண்டும். நான் செருகியதிலோ நடுமுனை நேர்மின். முனை மாறினால் காக்கும் டையோடையும் அண்ணன் வைத்திருக்கவில்லை. சில நொடிகளில் கருகல் வாடை வந்தது.

எரிந்தது எல்.எம். 308 என்னும் சில்லு. அமெரிக்காவின் கலமசூ நகரில் 1970களின் இறுதியில் உருவான 'ராட்' பெடலின் உயிர்நாடி அது. இன்று அதன் உற்பத்தி இல்லை. அதற்குப் பதிலாக ஓ.பி. 07 என்னும் சில்லைப் பொருத்தினேன். ராட் பெடலைச் செய்தவர்களே பிற்காலத்தில் அவ்வாறுதான் செய்தார்கள். ஓசை வந்தது. அது அண்ணனின் ஓசைதானா என்று சொல்லும் தகுதி என் செவிக்கு இல்லை.

மின்செருகும் துளையருகே ஒரு சிறு வட்டமும் கழித்தல் குறியும் இருந்திருந்தால் போதும். அன்றே நான்கு பெட்டிகளுக்கும் எழுத்திட முடிவு செய்தேன்.

எதை எழுதுவது? ஆங்கிலப் பெயர்கள் உதவவில்லை. 1966இல் வந்த 'ஃபஸ் ஃபேஸ்' பெடலில் 'ஃபஸ்' என்றும், 1969இல் வந்த 'பிக் மஃப்' பெடலில் 'சஸ்டெய்ன்' என்றும், 'ராட்'டில் 'டிஸ்டார்ஷன்' என்றும் இருப்பவை ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்யும் குமிழ்கள்தாம். நான் 'கரகரப்பு' என்று எழுதினேன். பாட்டியின் சளித்தொண்டை முதல் பழைய வானொலிப் பெட்டி வரை நாம் வழங்கும் சொல்லாயிற்றே! 'ராட்'டின் 'ஃபில்டர்' குமிழ் மற்றவற்றுக்கு எதிரானது. வலப்புறம் திருப்பத் திருப்ப ஓசையின் கூர்மை குறையும். 'தெளிவு' என்று எழுதினால் பொய்யாகிவிடும். 'மழுக்கம்' என்றே எழுதினேன். மூன்றாவது குமிழுக்கு 'ஓசை.' உள்ளே, வெளியே என்பவற்றுக்கு அம்புக்குறிகள் போதும். கிதாரிலிருந்து வரும் கம்பி வலப்புறம், ஒலிபெருக்கிக்குச் செல்வது இடப்புறம்.

எழுதும் வகையில் முதலில் தோற்றேன். அழியாத மையென்று விற்கும் பேனாவால் எழுதி, மேலே லாக்கர் தெளித்தேன். எழுத்துகள் கரைந்து ஓடின. பிறகு, நீரில் நனைத்து ஒட்டும் படத்தாளில் லேசர் அச்சுப்பொறியால் அச்சிட்டேன். சாதாரண அச்சுப்பொறி வெள்ளை நிறத்தை அச்சிடாது. ஆகவே கறுப்புப் பெட்டியில் கறுப்பெழுத்து மறைந்துபோகும். நல்லவேளையாக அண்ணன் பெட்டிகளுக்கு வண்ணம் பூசவில்லை. 6 சென்டிமீட்டர் அகலத்தில் மூன்று குமிழ்கள். எழுத்தின் உயரம் 3 மில்லிமீட்டர். குமிழ்களைக் கழற்றி, மெல்லிய ஏட்டை நீரில் வழுக்கி ஒட்டி, காய்ந்தபின் லாக்கரை மெல்லிய படலங்களாகத் தெளித்தேன். ஒரே தடவையில் கனமாகத் தெளிக்கும் அவசரம் இம்முறை இல்லை.

நான்காம் பெட்டியில்தான் சிக்கல். எதிரொலிப் பெட்டி அது. இரு குமிழ்கள் விளங்கின. மூன்றாவதைத் திருப்பினால் எனக்கு எந்த மாற்றமும் கேட்கவில்லை. பற்றவைப்பும் சரியாகவே இருந்தது. ஏதேனும் ஒரு பெயரை எழுதிவிடலாமா என்று எண்ணியபோது அவ்விளைஞன் தடுத்தான்.

"அதை விட்டுவிடுங்கள் ஐயா. வாசித்துப் பார்த்துச் சொல்கிறேன்."

ஞாயிறுதோறும் அவன்தான் வாசிக்கிறான். திருப்பலி முடிந்து வரும்போது கேட்பேன். இன்னும் பிடிபடவில்லை என்பான். ஒட்டுவதற்கு மிஞ்சிய தாளை எடுத்து வைத்திருக்கிறேன்.