இருப்பதாகச் சொல்லப்படுகிறது

சென்னையில் திருவொற்றியூர், எண்ணூர், மணலி பக்கம் ஒரு முறையாவது போய் வந்தவர்களுக்குக் கன்டெய்னர் லாரி என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. சிவப்பு, நீலம், பச்சை, துருப்பிடித்த ஆரஞ்சு என்று வரிசை கட்டி நிற்கும். முன்னால் போகவும் வழி இருக்காது, திரும்பிப் போகவும் வழி இருக்காது. பைக்கில் போகிறவர்கள் திட்டிக்கொண்டே சந்து தேடுவார்கள். சரி, அந்தப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது?

லாரி டிரைவரைக் கேட்டால் பெரும்பாலும் "தெரியாது" என்பார். பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையிலேயே தெரியாது. துறைமுகத்தில் அதைத் தூக்கிக் கப்பலில் வைக்கிற கிரேன் ஆபரேட்டருக்கும் தெரியாது. கப்பல் கேப்டனுக்கு ஒரு பட்டியல் கொடுத்திருப்பார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அவருக்குத் தெரியும்.

இத்தனைக்கும் பெட்டியின் மேல் எழுத்துக்குப் பஞ்சமில்லை. கதவைப் பாருங்கள். நான்கு ஆங்கில எழுத்து, ஏழு எண். முதல் மூன்று எழுத்து சொந்தக்காரர் யார் என்று சொல்லும். கடைசி எண், மற்றதெல்லாம் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று சோதிக்க மட்டுமே வைத்திருக்கும் எண். காலிப் பெட்டியின் எடை எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு ஏற்றலாம் என்பதும் இருக்கும். உள்ளே என்ன சரக்கு என்பது மட்டும் இருக்காது!

அது இருப்பது ஒரு காகிதத்தில். பில் ஆஃப் லேடிங் என்று பெயர். கப்பல் கம்பெனி சரக்கைப் பெற்றுக்கொண்டதற்குக் கொடுக்கும் சீட்டு. வெளிநாட்டில் சரக்கை எடுப்பவருக்கு அதுதான் ஆதாரம். வங்கிக்காரர்களும் அதைப் பார்த்துத்தான் பணம் கொடுப்பார்கள். இவ்வளவு மதிப்புள்ள அந்தச் சீட்டில் சரக்கின் பெயருக்கு முன்னால் இரண்டு மூன்று ஆங்கிலச் சொற்கள் அச்சாகியிருக்கும். தமிழில் சொன்னால், "உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுகிறது". அதாவது, 'அனுப்புகிறவர் பனியன் என்றார், எழுதிக்கொண்டோம். நாங்கள் திறந்து பார்க்கவில்லை' என்று கப்பல் கம்பெனி முன்கூட்டியே கையைக் கழுவிக்கொள்கிறது.

இது ஏமாற்று வேலை இல்லை. கன்டெய்னர் வியாபாரம் ஓடுவதே இப்படித்தான். உள்ளே என்ன என்று பார்க்காமலேயே ஏற்றலாம், இறக்கலாம், கடல் தாண்டி அனுப்பலாம். பெட்டியின் வெற்றி ரகசியம் அதுதான். ஆபத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். 1954-இல் வாரியர் என்ற கப்பல் நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபெனுக்குப் போனது. அந்த ஒரு பயணத்தை ஆராய்ச்சியாளர்கள் அக்குவேறு ஆணிவேறாகக் கணக்கெடுத்தார்கள். சரக்கு சுமார் 5,000 டன். உருப்படிகள் எத்தனை தெரியுமா? 1,94,582! மூட்டை, பெட்டி, பீப்பாய், அட்டைப்பெட்டி, கார் என்று எல்லாம் தனித்தனி. ஏற்ற 6 நாள், கடலில் பத்தரை நாள், இறக்க 4 நாள். மொத்தச் செலவில் கடல் பயணத்துக்கு ஆனது 11.5 சதவீதம்தான். அட்லாண்டிக்கைத் தாண்டுவது மலிவு, கரையில் ஏறி இறங்குவதில்தான் காசு கரைந்தது.

இதற்கு ஒரு முடிவு கட்டியவர் மால்கம் மெக்லீன். கப்பல்காரர் இல்லை, அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த லாரி முதலாளி. தொடக்கத்தில் லாரி ஓட்டியவரும் அவரேதான். 1937-இல் பஞ்சு ஏற்றிக்கொண்டு போய்த் துறைமுகத்தில் நாள் முழுக்கக் காத்திருந்தபோது, 'லாரியின் பெட்டியை அப்படியே தூக்கிக் கப்பலில் வைத்தால் என்ன?' என்று தோன்றியதாகப் பிற்காலத்தில் ஒரு கதை சொன்னார். அந்தக் கதையை நம்பாத வரலாற்றாசிரியர்களும் உண்டு. நம்பினாலும் நம்பாவிட்டாலும், 1956 ஏப்ரல் 26 அன்று நடந்ததில் சந்தேகம் இல்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்து எண்ணெய்க் கப்பல் ஒன்றை மாற்றியமைத்து, ஐடியல் எக்ஸ் என்று பெயரிட்டு, 58 பெட்டிகளை ஏற்றி, நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உதிரிச் சரக்கை ஏற்ற அன்றைக்கு டன்னுக்கு ஐந்தே முக்கால் டாலருக்கு மேல் ஆகும். இந்தக் கப்பலில் ஆனது 16 சென்ட்டுக்கும் குறைவு!

மெக்லீனுக்கு முன்பும் பெட்டிகள் இருந்தன. ரயிலில் இருந்தன, சில கப்பல்களிலும் இருந்தன. பெட்டி, லாரி, கிரேன், கப்பல் எல்லாவற்றையும் ஒரே ஏற்பாடாக அவர் யோசித்தார். அவரிடம் வேலை பார்த்த கீத் டான்ட்லிங்கர் என்ற எஞ்சினியர், பெட்டியின் எட்டு மூலைகளிலும் துளையுள்ள இரும்புக் கட்டை வைத்து, ஒரு திருகில் பூட்டிக்கொள்ளும் முறையைச் செய்தார். 1960-களில் பல நாடுகள் கூடி 20 அடி, 40 அடி நீளம், 8 அடி அகலம் என்று அளவுகளை முடிவு செய்தபோது, மெக்லீன் அந்த மூலைக்கட்டைக் காப்புரிமையை மற்றவர்களும் பயன்படுத்த விட்டுக்கொடுத்தார். அதனால்தான் இன்றைக்குச் சீனாவில் செய்த பெட்டி தூத்துக்குடி லாரியிலும் பொருந்துகிறது. இந்தியாவுக்குக் கன்டெய்னர் கப்பல் வந்தது 1973-இல், கொச்சிக்கு. 1983-இல் சென்னையில் கன்டெய்னருக்கென்றே தனி முனையம் திறந்தார்கள்.

பெட்டி வந்ததும் ஆட்கள் போனார்கள். லண்டனில் நூற்றாண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த துறைகள் 1967 முதல் 1981-க்குள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. முதலில் மூடியது எது தெரியுமா? இந்தியாவிலிருந்து சரக்கு இறங்கிய ஈஸ்ட் இந்தியா டாக்தான். அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஹாரி பிரிட்ஜஸ் என்ற தொழிற்சங்கத் தலைவர், இயந்திரத்தைத் தடுக்க முடியாது என்று கணக்குப் போட்டு, 1960-இல் ஓர் ஒப்பந்தம் செய்தார். இயந்திரம் வரட்டும், அதில் கிடைக்கும் லாபத்தில் தொழிலாளிக்கும் பங்கு வேண்டும் என்பது அதன் சாரம். எல்லாத் துறைமுகத் தொழிலாளிகளுக்கும் அப்படி ஒரு பங்கு கிடைக்கவில்லை.

இந்த வேலையிழப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு விஷயத்தைச் சொல்வதில்லை. மூட்டை தூக்கியவருக்குத் தோள் மட்டுமா இருந்தது? கண்ணும் மூக்கும் இருந்தன. ஈரமான சாக்கு, கசியும் பீப்பாய், எழுதியதைவிடக் கனமான பெட்டி, விநோதமான வாடை... இதெல்லாம் முதலில் தெரிந்தது அவருக்குத்தான். வாரியர் கப்பலின் 1,94,582 உருப்படிகளும் யாரோ ஒருவர் கைபட்டுத்தான் உள்ளே போயின. அந்தக் கைகள் கொஞ்சம் திருடவும் செய்தன என்பது உண்மைதான், விஸ்கிப் பெட்டிகள் முழுசாகக் கரை சேருவது அபூர்வம். ஆனால் திருட்டோடு சேர்ந்து அந்தப் பரிசோதனையும் போய்விட்டது. இப்போது பெட்டி நிரம்பிக் கதவு மூடி சீல் வைத்தால், மறுகரையில் சீல் உடைக்கும் வரை பெரும்பாலும் யாரும் உள்ளே பார்ப்பதில்லை. சுங்கத்துறை ஸ்கேனர் வைத்திருக்கிறது, சந்தேகம் வந்தால் திறக்கவும் செய்யும். ஆனால் அப்படித் திறக்கப்படுபவை மிகச் சிறிய பங்கு. எல்லாவற்றையும் திறந்தால் துறைமுகம் மறுநாளே நின்றுபோகும்.

அப்படியானால் எல்லாமே அனுப்புகிறவர் எழுதும் ஒரு வரியை நம்பித்தான் நடக்கிறது. அந்த வரி எவ்வளவு நம்பகமானது?

2007 ஜனவரியில் எம்எஸ்சி நாப்போலி என்ற கப்பல் ஆங்கிலக் கால்வாயில் புயலில் சிக்கி உடல் விரிசல் கண்டது. பிறகு அதன் மேல்தளத்தில் நனையாமல் இருந்த 660 பெட்டிகளை எடை போட்டுப் பார்த்தார்கள். 137 பெட்டிகளில், எழுதியதற்கும் நிஜத்துக்கும் 3 டன்னுக்கு மேல் வித்தியாசம். ஐந்தில் ஒன்று! கப்பலில் எதை அடியில் வைப்பது, எதை மேலே வைப்பது என்று முடிவு செய்வதே எடையைப் பார்த்துத்தான். அந்த எண்ணே பொய் என்றால்? 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த எடை இல்லாத பெட்டியைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்று உலகம் முழுக்க விதி வந்தது. எடை பிரச்சினைக்கு ஒரு வழி பிறந்தது. ஆனால் தராசு எடையைத்தான் சொல்லும், உள்ளே இருப்பது பஞ்சா பட்டாசா என்று சொல்லாது.

ஏன் பொய் எழுதுகிறார்கள்? காசுதான். ஆபத்தான சரக்கு என்று எழுதினால் வாடகை கூடும், காகிதம் கூடும், சில கப்பல்கள் ஏற்றவே மறுக்கும். கரியை எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்புக்கும் ஹூக்காவுக்கும் போகிற சாதாரணக் கரிதான். சரியாக ஆறாமல் மூட்டை கட்டி அடைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். அப்படிக் கப்பலில் பல முறை நடந்திருக்கிறது. முன்பு, சோதனையில் தேறியது என்று ஒரு சான்றிதழ் இருந்தால் சாதாரண சரக்காக அனுப்பலாம். 2026 ஜனவரி 1 முதல் கரி எல்லாமே ஆபத்தான சரக்காகத்தான் அறிவிக்கப்பட வேண்டும் என்று விதியை இறுக்கிவிட்டார்கள். விதி இறுகியது நல்லதுதான், ஆனால் கரியைக் கரி என்று எழுதுகிறவரைத்தான் அது கட்டுப்படுத்தும்.

உண்மையை எழுதினாலும் மூடிய பெட்டி மூடிய பெட்டிதான். 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலில் 1,486 பெட்டிகள் இருந்தன. அதில் 25 டன் நைட்ரிக் அமிலமும் இருந்தது. பட்டியலில் அமிலம் என்றே இருந்தது, யாரும் பெயரை மறைக்கவில்லை. வழியிலேயே கசிவு தெரிந்துவிட்டது. கத்தாரின் ஹமாத் துறைமுகமும் குஜராத்தின் ஹசிராவும் அந்தப் பெட்டியை இறக்கிக்கொள்ள முன்வரவில்லை. நூற்றுக்கணக்கான பெட்டிகளுக்கு நடுவில் இருப்பதை நடுக்கடலில் இழுத்துத் திறந்து சரிசெய்ய முடியுமா? தீப்பிடித்து, ஜூன் 2 அன்று கப்பல் மூழ்கத் தொடங்கியது. சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை கடலில் கலந்தது. நீர்கொழும்புப் பக்கம் கடற்கரை பனி பெய்ததுபோல் வெள்ளையாகிவிட்டது. ஆமைகள் செத்து ஒதுங்கின. மீனவர்கள் கடலுக்குப் போகக்கூடாது என்று தடை. இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது 2025 ஜூலையில். நான்கு வருடம்! கடலுக்குப் போக முடியாத மீனவர் வீட்டில் நான்கு நாளே அதிகம்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால், 2025 மே 25 அன்று, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன எம்எஸ்சி எல்சா 3 கப்பல் 640 பெட்டிகளோடு மூழ்கியது. மாலுமிகள் 24 பேரும் பிழைத்தது பெரிய ஆறுதல். கப்பல் ஏன் சாய்ந்தது என்பது வேறு கதை. கரையில் நடந்ததைக் கவனியுங்கள். கொல்லம் பக்கம் பெட்டிகள் ஒவ்வொன்றாக ஒதுங்கின. யாரும் கிட்டே போகாதீர்கள், தொடாதீர்கள் என்று அரசு அறிவித்தது. ஏன்? எந்தப் பெட்டியில் என்ன என்று பார்த்தால் தெரியாது. 13 பெட்டிகளில் ஆபத்தான சரக்கு, அதில் 12-இல் கால்சியம் கார்பைடு. மாம்பழத்தைத் தடை மீறிப் பழுக்க வைக்கிறார்களே, அதே கார்பைட் கல்தான். தண்ணீர் பட்டால் எரியும் வாயு வரும். கடலில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். முதலில் பெட்டி வந்தது. உள்ளே என்னென்ன என்ற முழுப் பட்டியல் மக்கள் கண்ணில் பட்டது சில நாட்கள் கழித்துத்தான். திருவனந்தபுரம் கடற்கரையில் மறுபடியும் அதே பிளாஸ்டிக் குருணை.

இந்த இரண்டு கதையிலும் ஒரு ஒற்றுமை உண்டு. பெட்டியை நிரப்பியவர் ஓர் ஊரில், வாங்கியவர் இன்னோர் ஊரில். கஷ்டப்பட்டது இரண்டு பேரும் இல்லை. அந்தச் சரக்கை விற்காத, வாங்காத, பெயரைக்கூடக் கேள்விப்படாத மீனவர். கப்பலில் தீ என்றால் மாலுமி. 2018 மார்ச்சில் அரபிக்கடலில் மேர்ஸ்க் ஹோனம் என்ற கப்பலில் சரக்கு தீப்பிடித்தபோது மாலுமிகள் ஐந்து பேர் இறந்தார்கள். தாங்கள் எதன்மேல் படுத்துத் தூங்குகிறோம் என்று ஒரு பட்டியலைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இருக்கிறவர்கள் அவர்கள்.

கன்டெய்னரை ஒழித்துவிடலாமா? முடியாது, வேண்டவும் வேண்டாம். திருப்பூர் பனியன் ஐரோப்பாவில் கட்டுப்படியாகும் விலைக்கு விற்பது இந்தப் பெட்டியால்தான். எல்லாவற்றையும் திறந்து பார்ப்பதும் நடக்காது. ஆனால் கேள்வி கேட்கும் இடத்தை மாற்றலாம். நடுவில் இருக்கும் டிரைவரும் கேப்டனும் உள்ளே பார்க்க முடியாது என்பதால், பார்த்து அடுக்கிய ஒரே ஆளிடம், அதாவது நிரப்பியவரிடம், பொறுப்பு உறுதியாக இருக்க வேண்டும். பொய் எழுதிப் பிடிபட்டால் வரும் தண்டனை, அதில் மிச்சமாகும் வாடகையைவிடப் பல மடங்கு இருக்க வேண்டும். கசிகிற பெட்டி வந்தால் 'எங்களுக்கு வேண்டாம்' என்று அடுத்த துறைமுகத்துக்குத் தள்ளிவிடாமல் இறக்கிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். பட்டியல் கப்பலோடு சேர்ந்து முழுகாமல், விபத்து நடந்த அன்றே கரையில் இருக்கிறவர் கைக்கு வர வேண்டும்.

இது பெரிய கம்பெனிகளின் விவகாரம் என்று நினைக்க வேண்டாம். படிக்கவோ வேலைக்கோ வெளிநாடு போகிறவர்கள் வீட்டுச் சாமானைக் கன்டெய்னரில் அனுப்புவது சகஜம். பாத்திரம், புத்தகம், அம்மா கட்டிக்கொடுத்த மிளகாய்த்தூள் எல்லாம் போகும். கூடவே பாதி பெயின்ட் டப்பா, கேஸ் லைட்டர், பழைய லேப்டாப் பேட்டரி. கேட்டால் 'வீட்டுச் சாமான்' என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடுவார்கள். அந்தப் பட்டியலை உட்கார்ந்து உண்மையாக எழுத அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தைச் செலவழித்துவிடுங்கள். கப்பல் கம்பெனி சீட்டில் எப்படியும் 'இருப்பதாகச் சொல்லப்படுகிறது' என்றுதான் அச்சடிக்கும். சொல்வது நிஜமாக இருந்துவிட்டால் போதும்.