புளி உலுக்கும் மாதத்தில் பொதுத்தேர்வு

ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே எங்கள் எல்லோருக்கும் பெற்றோர் வைத்த பெயர் போய்விட்டது. ஒருவன் நெல்லிவாசல். ஒருவன் கம்புகுடி. ஒரே ஊரிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தால் பெரிய புங்கம்பட்டு, சின்ன புங்கம்பட்டு. வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்திருக்கும் நேரம் தவிர வாத்தியார்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். "டேய் நெல்லிவாசல், கரும்பலகையத் துடை" என்றால் மூன்று பேர் எழுந்து நிற்பார்கள். பன்னிரண்டாம் வகுப்பு ஹால் டிக்கெட் வந்த அன்றுதான், அத்தனை வருஷம் பக்கத்துப் பாயில் படுத்துக் கிடந்தவனின் இனிஷியல் எங்களில் பலருக்குத் தெரிந்தது.

2012 மார்ச்சில் பிளஸ் டூ எழுதிய செட் நாங்கள். புதூர்நாட்டு அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி. அப்போது எங்கள் மலை வேலூர் மாவட்டத்தில் இருந்தது. திருப்பத்தூர் தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். ஜவ்வாது மலையின் திருப்பத்தூர்ப் பக்கத்தில் மூன்று நாடுகள்: புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு. ஒவ்வொரு நாட்டிலும் ஓடைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகச் சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள். அரசுப் பட்டியலில் நாங்கள் மலையாளிப் பழங்குடி. கேரளத்துக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாகத்தான் எங்கள் ஆயாக்கள் கதை சொல்வார்கள். பள்ளி மட்டும் இல்லையென்றால் கம்புகுடிக்காரனை நான் ஏதாவதொரு கல்யாணத்திலோ எருது விடும் திருவிழாவிலோ தூரத்திலிருந்து பார்த்திருப்பேன். அவ்வளவுதான்.

விடுதியில் ஆளுக்கொரு தகரப்பெட்டி. பெட்டியின் மேல் பெயின்ட்டில் பெயர், அடியில் துணி, துணிக்கடியில் தின்பண்டம். எங்கள் பெட்டிகளில் கடைப் பிஸ்கட் அபூர்வம். வறுத்த புளியங்கொட்டைதான் இருக்கும். அடுப்புச் சாம்பலில் போட்டுப் புரட்டினால் பட்பட்டென்று தோல் வெடிக்கும். ஆறியதும் கல்லில் தட்டித் தோலை நீக்கிவிட்டால் உள்ளே வெளுத்த பருப்பு. அதைக் கடித்துவிடக் கூடாது, பல்லே போய்விடும். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு எச்சிலில் ஊறவிட வேண்டும். ஒரு பாடவேளை ஊறினால் ஓரம் மெல்ல மெல்லக் கரையும். வரலாற்றுப் பாடவேளைக்கு ஒன்று, அறிவியலுக்கு ஒன்று என்று கணக்கு. கன்னம் புடைத்திருப்பதைப் பார்த்து "என்னடா பல்வலியா?" என்று கேட்கும் வாத்தியார் மலைக்குப் புதிதாக வந்தவர். "துப்புடா" என்பவர் இரண்டு வருஷமாவது எங்களோடு இருந்தவர்.

சாப்பாடு ரேஷன் அரிசிச் சோறும் சாம்பாரும், முறை வைத்து முட்டையும். வீட்டில் சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் தின்று வளர்ந்த எங்களுக்கு வெள்ளைச் சோறு முதலில் பண்டிகைபோல இருந்தது. இரண்டு மாதத்தில் சலித்துவிட்டது. சாமை வயிற்றில் நிற்கும். அரிசிச் சோறு தின்றால் பத்து மணிக்கெல்லாம் மறுபடி பசிக்கும் என்று எங்களுக்குள் ஒரு புகார் ஓடிக்கொண்டே இருந்தது. இன்று கீழே நகரத்துக் கடைகளில் அதே சாமையைச் சிறுதானியம் என்று பளபளப்பான பையில் போட்டு விற்கிறார்கள். அந்த விலையைப் பார்த்தால் எங்கள் ஆயா வாய்விட்டுச் சிரித்திருப்பாள்.

எங்கள் பள்ளி வாழ்க்கையைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் நான் கடைசியில் வந்து நிற்பது காலண்டரில்தான். பள்ளிக்கு ஒரு காலண்டர், மலைக்கு ஒரு காலண்டர். இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது. ஆனி ஆடி மழைக்கு விதைத்த சாமை, காலாண்டுத் தேர்வை ஒட்டி முற்றத் தொடங்கும். அப்போதே சீத்தாப்பழமும் வந்துவிடும். கூடை கட்டிக் கீழே அனுப்ப ஆள் வேண்டும். தை மாதம் கடுக்காய். மாசியும் பங்குனியும் புளி. அதாவது திருப்புதல் தேர்வு, செய்முறைத் தேர்வு, பொதுத்தேர்வு. காப்பித் தோட்டத்துக்கு ஆள் எடுக்கும் மேஸ்திரியும் இந்த இடைவெளியில் எங்காவது வந்து முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார்.

புளி உலுக்குவதற்குப் பையன்கள் ஏன் வேண்டும் என்று சமவெளி வாத்தியார்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம். அடிமரத்திலும் பெருங்கிளையிலும் பெரியவர்கள் நின்றுகொள்வார்கள். நல்ல காய் இருப்பதோ கிளை நுனியில். அங்கே எடை குறைந்த உடம்புதான் போக முடியும். பதினைந்து பதினாறு வயசுப் பையன் காலால் கிளையைப் பின்னிக்கொண்டு உலுக்கினால் சடசடவென்று கொட்டும். எட்டாததைத் துரட்டி போட்டு இழுப்பான். கீழே பெண்கள் பொறுக்கி, ஓட்டைத் தட்டி, நாரை உருவி, கொட்டை எடுத்து, கையில் உப்பு ஒட்ட ஒட்ட உருட்டி வைப்பார்கள். நாள் தள்ளினால் பழம் தானாக உதிர்ந்து மண்ணாகும், கோடை மழை பட்டால் கறுத்துப்போகும், வியாபாரி விலையை இறக்குவார். அந்த வருஷத்து ரொக்கம் பெரும்பாலும் அந்தச் சில வாரங்களில்தான் வீட்டுக்கு வரும்.

ஆகவே மாசி பிறந்ததும் விடுதி வாசலில் அப்பாக்கள் தெரியத் தொடங்குவார்கள். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பார்கள்.

"பையன ஒரு பத்து நாளு உடுங்க சார். புளி உலுக்கிட்டு நானே கூட்டியாந்து உட்டுடறேன்."

"பப்ளிக் எக்ஸாம்ங்க. இப்பப் போனா அவன் ஒரு வருஷம் போச்சு."

"பரீட்சை அடுத்த வருஷமும் வரும்ல சார். புளி நாளைக்கே உதுந்துடும்."

இதற்கு அந்த வாத்தியாரிடம் பதில் இருந்து நான் கேட்டதில்லை. எனக்கும் இன்றுவரை பதில் தெரியாது. மலைப் பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று மேடையில் யாராவது பேசும்போதெல்லாம் அந்த அப்பாவின் முகம் நினைவுக்கு வரும். நாட்டம் இருந்தது. வாரம் தப்பி வந்தது.

பத்து நாள் போனவன் பலமுறை திரும்பினான், சிலமுறை திரும்பவில்லை. சிக்மகளூர், குடகு என்று காப்பித் தோட்டங்களுக்குக் குடும்பத்தோடு போனவர்கள் உண்டு. திருப்பூருக்குப் போனவர்கள் உண்டு. பெண்களில் பத்தாம் வகுப்பு தாண்டியவர்கள் கைவிரலில் அடங்குவார்கள். நடுக்குப்பம் என்று ஒருத்தி. கணக்கில் எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவாள். பத்தாம் வகுப்பு முடித்த கோடையில் கல்யாணம். அடுத்த வருஷம் அவள் உட்கார்ந்த பெஞ்சில் யாரும் உட்காரவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் உடனே இரண்டு பேர் அதற்குச் சண்டை போட்டார்கள். அது சன்னலோரப் பெஞ்ச்.

ஆந்திராவுக்குப் போன கதை வேறு. எங்கள் மலையில் பிறந்தவனுக்குக் கோடாரி பிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் செம்மரத் தரகர்கள் மலையேறி வந்தார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். செய்தி வந்த இரவு எங்கள் செட்டில் எல்லோரும் எல்லோருக்கும் போன் போட்டோம். எங்கே இருக்கிறாய் என்று கேட்க மட்டும்தான்.

பிளஸ் டூ வருஷத்தில் நடந்த நல்ல காரியம் என்றால் காவலூர் போனது. அதுவும் ஜவ்வாது மலைதான், ஆலங்காயம் பக்கம். 93 அங்குலத் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து திறந்து வைத்தது. அதற்காகப் பாடுபட்ட வைணு பாப்பு அதைப் பார்க்காமலே 1982இல் இறந்துவிட்டார். பிறகு அவர் பெயரையே வைத்தார்கள். இங்கிருந்து 1988இல் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து அதற்கு ராமானுஜன் என்று பெயரிட்டார்கள் என்று எங்கள் இயற்பியல் சார் வேனில் போகும்போதே சொல்லி முடித்துவிட்டார். பெரிய தொலைநோக்கியைச் சுற்றிப் பார்க்கலாம், அதன் வழியே பார்க்க முடியாது. பார்வையாளர்களுக்கென்று சின்னது ஒன்று வைத்திருந்தார்கள். அது ஜனவரி மாதம். வியாழன் உச்சியில் இருந்தது. ஒற்றைக் கண்ணை மூடிக் குனிந்தால் பட்டாணி அளவுக்கு ஒரு மஞ்சள் வட்டு, அதன் இரண்டு பக்கமும் வரிசையாக ஊசிமுனைப் புள்ளிகள். "அதான் நிலாங்க. மொத்தம் நாலு தெரியும்" என்றார் காட்டியவர். கம்புகுடி அதிக நேரம் எடுத்துக்கொண்டான். வரிசையில் பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள்.

இந்த மலையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று அவரிடம் ஒருவன் கேட்டான். வானம் தெளிவு, சுற்றிலும் விளக்கு வெளிச்சம் குறைவு என்றார். அதைக் கேட்டு நாங்கள் சிரித்த சிரிப்பு அவருக்குப் புரிந்திருக்காது. தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருஷம் அது. சிம்னி விளக்கைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து தாவரவியல் படம் வரைந்துகொண்டிருந்தோம். காலையில் மூக்கைச் சிந்தினால் கரி வரும். அந்தக் கல்வியாண்டில்தான் அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மடிக்கணினி தரத் தொடங்கியது. எங்கள் கைக்கு வந்தபோது பரீட்சை முடிந்திருந்தது. மூடியில் முதலமைச்சர் படம். சார்ஜ் ஏற்ற, கரண்ட் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கடைத்தெருவில் ஒரு கடைக்காரரிடம் கொடுத்து வைப்போம். அவர் எங்களுக்குத் தெரியாமல் அதில் எம்.ஜி.ஆர். படம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரியவந்தது.

பரீட்சை எழுதியது அவ்வளவாக நினைவில் இல்லை. விரல்தான் நினைவில் இருக்கிறது. தேர்வுகளுக்கு இடையே விட்ட நாட்களில் சிலர் ஊருக்குப் போய்ப் புளி உலுக்கிவிட்டு வந்தார்கள், நானும் போனேன். நகக்கண்ணில் ஏறிய புளிக்கறை விடைத்தாளின் ஓரத்தில் பழுப்பாக ஒட்டியது. திருத்தியவர் யாரோ, என்ன நினைத்தாரோ.

அதற்குப் பிறகு சான்றிதழ் அலைச்சல். பழங்குடிச் சான்றிதழை வருவாய்க் கோட்ட அளவிலான அதிகாரிதான் தர வேண்டும். அதற்குத் திருப்பத்தூர் இறங்க வேண்டும். காலைப் பேருந்தை விட்டால் சரக்கு வண்டிதான். தக்காளிக் கூடைமேல் உட்கார்ந்து கொண்டை ஊசி வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து போவதை நாங்கள் விளையாட்டாக நினைத்திருந்தோம். 2022 ஏப்ரலில், தெலுங்கு வருஷப் பிறப்பன்று, புலியூரிலிருந்து சேம்பரைக் கோயிலுக்குப் போன வேன் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். அன்றிலிருந்து அந்த விளையாட்டுப் பேச்சை எங்களில் யாரும் எடுப்பதில்லை.

ரிசல்ட் அன்று, சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி நின்றோம். திருப்பத்தூரில் பிரவுசிங் சென்டரில் இருந்த ஒருவனின் அண்ணன் ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். பாதியில் பேலன்ஸ் தீர்ந்துவிட்டது. மீதிப் பேர் பாஸா பெயிலா தெரியாமலே சாயந்திரம் வரை கிடந்தார்கள்; அதில் நானும் ஒருவன்.

இப்போது நெல்லிவாசல் போலீஸ் கான்ஸ்டபிள். சின்ன புங்கம்பட்டு இன்னொரு மலைப் பள்ளியில் ஆசிரியர்; மாசி மாதம் அப்பாக்களிடம் அவனே பேச வேண்டியிருக்கிறது. கம்புகுடி சொந்தமாகச் சரக்கு வண்டி வைத்து ஓட்டுகிறான், ஆள் ஏற்றுவதில்லை. 2024இல் ஜவ்வாது மலைப் புலியூர் ஸ்ரீபதி உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்ற செய்தி வந்தபோது எங்கள் வாட்ஸ்அப் குழு ஒரு நாள் முழுக்க அலறியது. அவர் படித்தது ஏலகிரி மலையில். குழந்தை பிறந்த இரண்டாம் நாள் சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதியவர். அந்தச் செய்தியை முதலில் அனுப்பியது நடுக்குப்பம்.

எல்லோரும் ஒருமுறை பள்ளியில் கூடலாம் என்று போன மாதம் பேச்சு எழுந்தது. மார்ச் ஆகாது, புளி. மேயில் பலா, கல்யாணங்கள் வேறு. ஆடியில் சாமை விதைப்பு. டிசம்பரில் காப்பித் தோட்டம் போனவர்கள் வர முடியாது. கான்ஸ்டபிளுக்கு எந்த மாதமும் லீவு கிடையாது. நடுக்குப்பம் மட்டும் ஒரு தேதி போட்டிருக்கிறாள்: "காலாண்டு லீவுல வெச்சுக்கலாம். என் பொண்ணுக்கும் லீவு. ஆனா சாமை அறுக்க ரெண்டு ஆளு யாராச்சும் அனுப்பணும்." கம்புகுடி வண்டி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். ஆள் யார் என்பதில் இன்னும் இழுபறி.