நாட்டில், காட்டில், ஈரோட்டில்

சென்ற கோடையில் கோவையிலிருந்து ஈரோட்டிற்குப் பேருந்தில் பயணமானேன். அவிநாசியைக் கடந்ததும், தூக்குப்போசியுடன் என் அருகே அமர்ந்திருந்த மூதாட்டியார், "காட்டுக்குப் போறேனுங்க சாமி" என்றார். முன்னிருக்கையில் இருந்த சென்னை மாணவர் திரும்பி, "நான் ஈரோடில் இறங்கணும். இங்கே ஏது காடு?" என வியந்தார்.

கொங்கு மக்களுக்குக் காடு வனமன்று. மழையை நம்பிச் சோளமும் கம்பும் விதைக்கும் புன்செய் நிலம். கிணற்றுப் பாசனம் வாய்த்தால் அதுவே தோட்டம். நாடு என்பதும் இங்கே சிறு நிலப்பகுதியைக் குறித்தது. பூந்துறை நாடு, காங்கேய நாடு என்றவாறு கொங்கில் 24 நாடுகளைக் கூறுவது மரபு.

நாடு, காடு, ஆறு ஆகியவை வேற்றுமை உருபை ஏற்கையில் ஒற்று இரட்டித்து நாட்டில், காட்டுக்கு, ஆற்றை என்றாகும். இது பவணந்தி முனிவரின் நன்னூல் விதி. பெருந்துறையை அடுத்த சீனாபுரமே அவரது ஊர் எனக் கொங்கு நாட்டார் உரிமை பாராட்டுவர். பள்ளி செல்லாத மூதாட்டியார் அவ்விதியில் பிழைக்கவில்லை, படித்தவர் பிழைத்தார். 'வீடில்' என்று எவரும் சொல்வதில்லையே! ஊர்ப்பெயர் மட்டும் பெயர்ப்பலகையில் கண்டபடியே நாவிலும் உறைந்துவிடுகிறது போலும்.

"எங்க பக்கம் இதுதான் காடு, கண்ணு" என்று மூதாட்டியார் சன்னல் வழியே காட்டினார். அங்கே செம்மண்ணில் வரிசையாக மனைக்கற்கள் நடப்பட்டிருந்தன.

"பாதி போயிருச்சுங்க சாமி. மீதியில இந்த வருசம் சோளம் போட்டிருக்கேன்" என்றவாறு இறங்கினார்.